அஞ்சுக்கு மேல இருந்தாத்தான் ஜர்னலா?

போன தடவை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறது பத்தி ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்போ போற போக்குல, ஜர்னலை எடை போட எல்லாரும் பாக்குற நம்பரைப் பத்தி, "இம்பாக்ட் ஃபேக்டரை பாத்து மயங்காதீங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அந்த ஒரு வரியை புடிச்சுக்கிட்டு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கலை. முக்கால்வாசி பேர் ஃபார்மசி ஆளுங்க. நானும் பல வருஷம் மாத்திரை எப்போ கரையும்னு டிஸ்ஸொல்யூஷன் மெஷின் பக்கத்துல உக்காந்திருந்தவதான், அப்புறம் கொஞ்ச காலம் ஒரு ஜர்னல்ல எடிட்டிங் வேலையும் பாத்தேன், அதனால இந்த தடவை பக்கம் முழுக்க இதுக்கே விட்டுட்டேன். பேர் போடாதீங்கன்னு நெறைய பேர் கேட்டதால யார் பேரும் போடலை.

கேள்வி: அக்கா, பிஎச்டி மூணாவது வருஷம், மருந்தை மெதுவா விடுற மாத்திரை ஃபார்முலேஷன்ல வேலை. பேப்பர் ரெடி. கைடு "இம்பாக்ட் ஃபேக்டர் அஞ்சுக்கு கீழ இருந்தா அனுப்பாதே"ங்கறார். எனக்கு பொருத்தமா தோணுற ஜர்னலுக்கு மூணு சொச்சம்தான் இருக்கு. மூணுன்னா மட்டமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த நம்பரை ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க, பாதி பயம் அங்கயே போயிடும். 2024க்கான இம்பாக்ட் ஃபேக்டர்னா, அந்த ஜர்னல் 2022லயும் 2023லயும் போட்டதுக்கெல்லாம் 2024ல கெடச்ச சைட்டேஷன், அதாவது மத்த பேப்பர்கள்ல மேற்கோளா காட்டுனது, எத்தனையோ அது மேல, அந்த ரெண்டு வருஷத்துல போட்ட ஆர்ட்டிகிளும் ரிவ்யூவும் (ஏற்கனவே வந்த பேப்பர்களை தொகுத்து எழுதுறது) எத்தனையோ அது கீழ, வகுக்க வேண்டியதுதான். சும்மா ஒரு கற்பனை ஜர்னல் வச்சுக்குவோம். 2022ல 210 பேப்பர், 2023ல 190, ஆக 400. 2024ல அதுக்கெல்லாம் சேத்து 1,480 சைட்டேஷன். வகுத்தா 3.7. இவ்ளோதாங்க, இதுல ராக்கெட் ஒண்ணும் இல்ல.

இப்போ உள்ள போய் பாருங்க. அந்த 400ல மூணு ரிவ்யூ பேப்பர் நல்லா ஓடி ஆளுக்கு 160 வாங்கியிருக்குன்னு வைங்க, 480 அங்கயே போச்சு. மிச்சம் 397 பேப்பருக்கு பங்கு ஆயிரம்தான், சராசரி ரெண்டரை. அந்த ஆயிரத்துலயும் ஒரு இருபது முப்பது பேப்பர் பெரிய வாயா அள்ளிக்கிட்டு போயிருக்கும், பாதிக்கு மேல பேப்பர் ஒண்ணு ரெண்டோட நிக்கும். இது நான் இட்டுக்கட்டுற கதை இல்ல, பெர் செக்லென்னு ஒருத்தர் 1997லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார், அவர் பாத்த ஜர்னல்கள்ல 15 சதவீத பேப்பர்தான் மொத்த சைட்டேஷன்ல பாதியை வாங்குது, மேல இருக்குற பாதி பேப்பர் 90 சதவீதத்தை வாங்குதுன்னு. நேச்சர் பத்திரிகையே 2005ல ஒரு தலையங்கத்துல ஒத்துக்கிச்சு, அவங்க நம்பர்ல 89 சதவீதம் வெறும் 25 சதவீத பேப்பர்லேர்ந்து வந்ததுன்னு. அதனால "என் பேப்பர் அஞ்சு இம்பாக்ட் ஃபேக்டர்ல வந்திருக்கு"ன்னு சொல்றது, வீதியோட சராசரி வருமானத்தை சொல்லி நம்ம சம்பளம்னு சொல்லிக்கிற மாதிரி.

அடுத்தது உங்க துறை சமாச்சாரம், இதுதான் எனக்கு முக்கியம். உங்க பேப்பரோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை தெறந்து வருஷத்தை மட்டும் பாத்துக்கிட்டே வாங்க. நிச்சயமா ஹிகுச்சி இருப்பார், 1961, ஆயின்மென்ட்லேர்ந்து மருந்து எப்படி வெளிய வருதுன்னு ஜர்னல் ஆஃப் ஃபார்மசூட்டிகல் சயின்சஸ்ல எழுதினது, வெளிய வர்ற அளவு நேரத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி போகும்னு. கோர்ஸ்மேயரும் பெப்பாஸும் இருப்பாங்க, 1983, பாலிமர்லேர்ந்து மருந்து எப்படி வெளிய வருதுன்னு எழுதினது. மருந்து எவ்ளோ கரையுது, குடல்ல எவ்ளோ ஊடுருவுதுன்னு வச்சு பிரிக்கிற பயோஃபார்மசூட்டிக்ஸ் கிளாசிஃபிகேஷன் பத்தி ஒரு வரி எழுதியிருந்தா அமிடன் 1995 இருக்கும். இதுல ஒரு சைட்டேஷன் கூட எந்த ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டருக்கும் போய் சேராது, ஏன்னா எல்லாம் ரெண்டு வருஷ ஜன்னலுக்கு வெளிய நிக்குது. ஃபார்முலேஷன் ஆளுங்க பழசை படிச்சு, பழசுலேர்ந்து எடுத்து, மெதுவா வேலை செய்யுற ஆளுங்க, மருந்து கெடாம எவ்ளோ நாள் தாங்கும்னு பாக்குற ஸ்டெபிலிட்டி ஸ்டடி ஒண்ணுக்கே மாசக்கணக்கா சேம்பர்ல வச்சுட்டு காத்துக்கிட்டிருக்கோம், இன்னிக்கு வந்த பேப்பரை படிச்சு அதை வச்சு ஒருத்தர் சோதனை பண்ணி எழுதி வெளிய கொண்டு வர்றதுக்குள்ள அந்த ஜன்னல் மூடிடுது. நானோபார்ட்டிகிள், கேன்சர் டெலிவரி மாதிரி எடத்துல கூட்டம் ஜாஸ்தி, வேகமும் ஜாஸ்தி, ஒவ்வொரு பேப்பரும் கடைசி ரெண்டு மூணு வருஷத்தையே அள்ளிப் போட்டு எழுதுது, அதனால அந்தப் பக்கத்து ஜர்னலுக்கு நம்பர் தானா ஏறுது. நேச்சர் ரிவ்யூஸ் டிரக் டிஸ்கவரி நூறைத் தாண்டி நிக்குதுன்னா அது பெரும்பாலும் ரிவ்யூ போடுற ஜர்னல், அட்வான்ஸ்டு டிரக் டெலிவரி ரிவ்யூஸுக்கு பேர்லயே பதில் இருக்கு. அதுங்களோட உங்க டிஸ்ஸொல்யூஷன் ஜர்னலை நிறுத்தி உயரம் அளக்குறது நியாயமே இல்ல.

கைடுகிட்ட சண்டைக்கு போகாதீங்க. அஞ்சுங்கற கோட்டுக்கு பதிலா, அந்த ஜர்னல் அதோட பிரிவுல எந்த பர்சன்டைல்ல, அதாவது நூத்துக்கு எத்தனை ஜர்னலுக்கு மேல, நிக்குதுன்னு எடுத்துட்டுப் போய் காட்டுங்க. கூடவே ஒரு சின்ன கணக்கு, உங்க ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல எந்த ஜர்னல் பேர் அதிக தடவை வருதுன்னு எண்ணுங்க. உங்க பேப்பரை படிக்கப் போறவங்க அங்கதான் இருக்காங்க. நான் இருந்த ஜர்னல்ல, எங்க ஜர்னல் பேப்பர் ஒண்ணு கூட லிஸ்ட்ல இல்லாம வர்ற பேப்பரை பாத்தா, சரி, இது நாலு எடத்துல திரும்பி வந்துட்டு நம்பரை பாத்து இங்க வந்திருக்குன்னு எங்களுக்கு வாசல்லயே தெரிஞ்சிடும்.

கேள்வி: ஒரே ஜர்னல். ஒரு எடத்துல 3.9ங்கறாங்க, இன்னொரு எடத்துல 7.4, வேற எடத்துல 0.7, அப்புறம் 140னு ஒண்ணு. எதைத்தான் நம்புறது?

பதில்: நாலும் உண்மையாத்தான் இருக்கும், நாலும் நாலு தராசு. 3.9ங்கறது கிளாரிவேட்ங்கற கம்பெனி வருஷா வருஷம் விடுற ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸ்ல இருக்குற இம்பாக்ட் ஃபேக்டரா இருக்கும். 7.4 ஸ்கோபஸ்ங்கற கட்டுரைத் தரவுத்தளத்தோட சைட்ஸ்கோர், அது எல்சவியர் பதிப்பகத்தோடது, 2016 கடைசியில ஆரம்பிச்சாங்க, 2020ல கணக்கை மாத்தி நாலு வருஷ ஜன்னலாக்கிட்டாங்க, 2024க்கான நம்பர்னா 2021லேர்ந்து 2024 வரைக்கும் போட்ட பேப்பருக்கு அதே 2021லேர்ந்து 2024 வரைக்கும் வந்த சைட்டேஷன். ஜன்னல் பெருசுன்னா நம்பரும் பெருசாத்தான் வரும், அதனால சில ஜர்னல் முகப்புல சைட்ஸ்கோரை கொட்டை எழுத்துல போட்டு இம்பாக்ட் ஃபேக்டரை மூலையில வைக்கும், வியாபாரம்தானே.

0.7ங்கறது எஸ்.ஜே.ஆர், சிமாகோங்கற ஆராய்ச்சிக் குழு விடுறது. எனக்கு இதுமேல கொஞ்சம் பாசம் உண்டு. இது சைட்டேஷனை வெறும் தலையா எண்ணாது, யார் சொன்னாங்கன்னு பாக்கும், மதிப்பான ஜர்னல்லேர்ந்து வந்த ஒரு சைட்டேஷன் தெருவுல போற பத்துக்கு சமம். கூகுள் பக்கங்களை வரிசைப்படுத்துன அதே யோசனைதான், ஆனா ஜர்னல் உலகத்துல இதை பின்ஸ்கி, நாரின்னு ரெண்டு பேர் 1976லயே எழுதிட்டாங்க, கூகுள்லாம் அப்போ பொறக்கவே இல்ல. "பிரெஸ்டீஜ்"னு எல்லாரும் தேடுறது உங்களுக்கு இதுலதான் கொஞ்சமாவது கெடைக்கும். ஜர்னல் தனக்குத்தானே குடுத்துக்கற சைட்டேஷனுக்கும் 33 சதவீதத்தோட ஒரு வேலி போட்டிருக்காங்க. க்யூ1, க்யூ2ன்னு சொல்றாங்களே, அது ஒரு பிரிவுல இருக்குற ஜர்னலை வரிசையா நிறுத்தி நாலா வெட்டுறது. கிளாரிவேட்ல ஒண்ணு, சிமாகோல ஒண்ணு, ரெண்டும் ஒத்துப் போகணும்னு அவசியமே இல்ல. ஒரே ஜர்னல் ரெண்டு பிரிவுல இருந்து ஒண்ணுல க்யூ1, இன்னொண்ணுல க்யூ3ன்னும் நிக்கும், முகப்புல எது இருக்கும்னு நான் சொல்லணுமா.

140 அநேகமா எச் இண்டெக்ஸ். ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் 2005ல மனுசங்களுக்காக கொண்டு வந்தது, அப்புறம் ஜர்னலுக்கும் மாட்டி விட்டுட்டாங்க. ஆளுக்கு 140 சைட்டேஷனாவது வாங்குன பேப்பர் 140 இருக்குன்னு அர்த்தம். பழைய ஜர்னலுக்கும் நெறைய பேப்பர் போடுற ஜர்னலுக்கும் இது ஏறிக்கிட்டேதான் போகும், எறங்கவே எறங்காது, வயசு மாதிரி.

துறை வித்தியாசத்தை கழிச்சுட்டு பாக்கணும்னா ஸ்னிப்னு ஒண்ணு இருக்கு, கிளாரிவேட்டோட ஜர்னல் சைட்டேஷன் இண்டிகேட்டர்னு ஒண்ணு இருக்கு, 2021ல வந்தது. இந்த ரெண்டாவதுல 1ங்கறது அந்த பிரிவோட உலக சராசரி, அதுக்கு மேலயா கீழயான்னு பாத்தா போதும். எனக்கு கேட்டா மூணு சொச்சமா அஞ்சு சொச்சமாங்கறதை விட இதுதான் ஒழுங்கான கேள்வி.

கேள்வி: ரிவ்யூ முடிஞ்சு பேப்பர் ஏத்துக்கற நெலமையில எடிட்டர் கிட்டேர்ந்து மெயில், "எங்க ஜர்னல்ல கடைசி ரெண்டு வருஷத்துல வந்த ஆறு பேப்பரை சேத்துடுங்க"ன்னு. ஆறுல நாலு என் தலைப்புக்கு சம்பந்தமே இல்ல. சேக்கலைன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களோ?

பதில்: "கடைசி ரெண்டு வருஷம்"னு குறிப்பா சொன்னதுலயே குட்டு வெளிப்பட்டுப் போச்சு பாருங்க, மேல சொன்ன ஜன்னல் அதுதான். எனக்கும் நடந்திருக்கு. ஒரு கோட்டிங் பாலிமர் பேப்பருக்கு கண் சொட்டு மருந்து பத்தின அஞ்சு பேப்பரை சேக்க சொன்னாங்க, அப்போ சின்ன வயசு, பேப்பர் வந்தா போதும்னு அறிமுகப் பத்தியில ஒரே அடைப்புக்குள்ள அஞ்சையும் திணிச்சு குடுத்துட்டேன். இன்னிக்கும் அந்த பத்தியை படிச்சா கூசுது.

இது பரவலா நடக்குற விஷயம்தான். 2012ல சயின்ஸ் பத்திரிகையில வில்ஹைட், ஃபாங்னு ரெண்டு பேர் பொருளாதாரம், சமூகவியல், உளவியல், பிசினஸ் துறை ஆளுங்ககிட்ட கேட்டு எழுதினாங்க, கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் எங்களையும் இப்படி கட்டாயப்படுத்தினாங்கன்னு சொல்லியிருக்காங்க. இதை பண்ணி மாட்டுன ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டரை நிறுத்தி வைக்கிறதும் உண்டு. நேரா தன்னைத்தானே சைட் பண்ணா கண்டுபுடிச்சிடுவாங்கன்னு சில எடத்துல ஜர்னல்கள் கூட்டு சேந்து நீ என்னை பண்ணு நான் உன்னை பண்றேன்னும் ஓட்டியிருக்காங்க, 2013ல பிரேசில்ல நாலு மருத்துவ ஜர்னல் இதுலதான் மாட்டுச்சு.

நீங்க பண்ண வேண்டியது: சம்பந்தம் இருக்குற ரெண்டை சேத்துக்கோங்க, அதுல தப்பில்ல. மத்த நாலுக்கு பதில் கடிதத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி, "இந்த பேப்பர் வேற விஷயம் பத்தினது, எங்க வாதத்துக்கு துணை செய்யலை"ன்னு மரியாதையா எழுதுங்க. எழுத்துல வந்துட்டா பெரும்பாலும் அடங்கிடுவாங்க. அடங்கலைன்னா மெயிலை பத்திரமா வச்சுக்கிட்டு பதிப்பகத்தோட நெறிமுறைப் பிரிவுக்கு எழுதுங்க, கோப் (COPE)ங்கற பதிப்பு நெறிமுறை அமைப்புல அந்த ஜர்னல் உறுப்பினரா இருந்தா அங்கயும் புகார் குடுக்க வழி இருக்கு. ரிஜெக்ட் பண்ணவே மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது.

கேள்வி: நான் ஆஸ்பத்திரியில கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட். நோயாளிக்கு மருந்து எப்படி சாப்பிடணும்னு உக்காந்து சொல்லிக் குடுத்தா என்ன மாறுதுன்னு ஒரு ஸ்டடி பண்ணேன். எங்க துறை ஜர்னல் எல்லாமே நம்பர் கம்மி. மெடிக்கல் ஜர்னலுக்கே அனுப்பிடலாமான்னு தோணுது.

பதில்: உங்க கோவம் நியாயமானது. கிளாரிவேட்ல ஃபார்மகாலஜி அண்ட் ஃபார்மசின்னு ஒரே பெரிய பிரிவு, அதுல ரிசெப்டர் ஆளு, நானோ ஆளு, மாத்திரை ஆளு, உங்களை மாதிரி நோயாளி பக்கத்துல நிக்குற ஆளு எல்லாரையும் ஒரே பந்தியில உக்கார வச்சிருக்காங்க. எலியில நடக்குற வேலைக்கு சைட்டேஷன் எப்படி வருதோ அப்படி உங்களுக்கு வராது, உங்களை படிக்கறவங்க பாதி பேர் பேப்பரே எழுதாத ஃபார்மசிஸ்ட்டுங்க. படிச்சு, மறுநாள் வார்டுல மாத்திக்குவாங்க. அதை எந்த இண்டெக்ஸும் எண்ணாது.

அமிடன் பேப்பரையே எடுத்துக்கோங்க, 1995ல ஃபார்மசூட்டிகல் ரிசர்ச்ல வந்தது, 2000ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ அதை அடிப்படையா வச்சு சில மாத்திரைக்கு மனுசங்க மேல பயோஈக்விவலன்ஸ் சோதனை (ரெண்டு மாத்திரையும் உடம்புல ஒரே மாதிரி சேருதான்னு பாக்குறது) பண்ணாமலே அனுமதி குடுக்கலாம்னு வழிகாட்டி போட்டாங்க. அதுக்கு சைட்டேஷனும் எக்கச்சக்கமா வந்தது, சரி. ஆனா சோதனைன்னு சொல்லி தேவையில்லாம மருந்து முழுங்காம தப்பிச்ச ஆளுங்க எத்தனை பேர்ங்கறதுக்கு கணக்கு எங்க இருக்கு?

உங்க துறை எடிட்டர்களே இதைப் பத்தி கூடிப் பேசியிருக்காங்க, 2022ல ஸ்பெயின்ல இருக்குற கிரனாடாவுல. அங்க வந்த 18 பரிந்துரைக்கு கிரனாடா ஸ்டேட்மென்ட்ஸ்னு பேரு, மறு வருஷம் பல ஃபார்மசி ஜர்னல்ல ஒரே நேரத்துல போட்டாங்க. அதுல ஒரு விஷயம் நேரா உங்களுக்கானது. ஃபார்மசி பிராக்டிஸ் ஆளுங்க நம்பரை தேடிக்கிட்டு பொது மெடிக்கல் ஜர்னல், அந்த நோய்க்கான ஜர்னல்னு செதறிப் போறதால சொந்தத் துறை ஜர்னல் இன்னும் மெலிஞ்சு போகுதுன்னு. நீங்க போனா இன்னும் ஒண்ணு கம்மி. ஆனா அதுக்காக உங்க தலையில துறையைக் காப்பாத்துற பொறுப்பை வைக்க மாட்டேன், உங்க ஸ்டடியோட முடிவை டாக்டருங்க மாத்திக்கணும்னா டாக்டருங்க படிக்கிற எடத்துக்கு அனுப்புங்க, ஃபார்மசிஸ்ட்டுங்க மாத்திக்கணும்னா அவங்க படிக்கிற எடத்துக்கு.

கேள்வி: ஒரு ஜர்னல், குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர் 7.2, ஒரே வாரத்துல பப்ளிஷ். போடலாமா?

பதில்: வேண்டாம். இம்பாக்ட் ஃபேக்டர்ங்கற வார்த்தைக்கு முன்னாடி "குளோபல்", "யுனிவர்சல்", "சயின்டிஃபிக்"னு ஏதாவது ஒட்டியிருந்தா அங்கயே ஓடிடுங்க. அந்த பேர்ல காசு வாங்கிட்டு நம்பர் குடுக்கறவங்க இருக்காங்க. கிளாரிவேட்டோட மாஸ்டர் ஜர்னல் லிஸ்ட்ல தேடுறதுக்கு காசு இல்ல, ஸ்கோபஸ் சோர்சஸ் பக்கமும் சிமாகோவும் இலவசம்தான், ஜர்னல் பேரை விட்டுட்டு ஜர்னலோட அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என் நம்பரை போட்டு தேடுங்க, ஏன்னா நல்ல ஜர்னல் பேரையே காப்பியடிச்சு போலி சைட் நடத்துறவங்களும் உண்டு. ஸ்கோபஸ்ல பேர் இருந்தாலும் எந்த வருஷம் வரைக்கும்னு பாருங்க, சிலதை பாதியில தூக்கியிருப்பாங்க.

கேள்வி: நான் போன வருஷம் பேப்பர் போட்ட ஜர்னல் ரெண்டே வருஷத்துல ஒம்பதுலேர்ந்து அஞ்சரைக்கு வந்துடுச்சு. தரம் போச்சா?

பதில்: அப்போ ஏறுனது எப்படின்னு யோசிச்சீங்களா? கொரோனா நேரத்துல எல்லாரும் எல்லாத்தையும் சைட் பண்ணாங்க. லான்செட்டே 2020ல 79 சொச்சம், 2021ல 202, 2023ல திரும்ப நூறுக்கு கீழ. லான்செட்டோட தரம் ஒரே வருஷத்துல ரெண்டரை மடங்கு கூடி அப்புறம் பாதியாவா போச்சு? இதை விட வேடிக்கை ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா செக்ஷன் ஏ. ரெண்டு சொச்சத்துல இருந்த ஜர்னல் 2009ல ஐம்பதை தொட்டுச்சு. காரணம் ஒரே ஒரு பேப்பர். ஷெல்ட்ரிக்னு ஒருத்தர் தன்னோட ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பத்தி 2008ல எழுதினது, அதை பயன்படுத்துற அத்தனை பேரும் அந்த பேப்பரை சைட் பண்ணாங்க. ஜன்னல் நகந்ததும் நம்பர் எறங்கிடுச்சு. அதனால ஒரு வருஷ நம்பரை பாக்காதீங்க, அஞ்சு வருஷத்தை வரிசையா வைங்க, கூடவே வருஷத்துக்கு எத்தனை பேப்பர் போடுறாங்கன்னும் பாருங்க. நம்பர் எறங்குறப்போ பேப்பர் எண்ணிக்கை மூணு மடங்கு ஏறியிருந்தா, அப்போ நானும் உங்களோட சேந்து கவலைப்படுறேன்.

கேள்வி: வேலைக்கு அப்ளிகேஷன். "மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்"னு ஒரு கட்டம், எல்லா பேப்பரோடதையும் கூட்டிப் போடணுமாம். இதுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா மேடம்?

பதில்: கிடையாது, ஆனா கட்டத்தை காலியா விட்டா அப்ளிகேஷனையே தூக்கிப் போட்டுடுவாங்க, அதனால கூட்டிப் போட்டுடுங்க. 1960கள்ல கார்ஃபீல்டும் ஷெரும் தங்களோட சைட்டேஷன் இண்டெக்ஸுக்கு எந்த ஜர்னலை சேக்கலாம்னு தேர்ந்தெடுக்கத்தான் இந்த கணக்கை போட்டாங்க, அதை கூட்டி ஆளை எடை போடுவாங்கன்னு அவங்க கனவுலயும் நெனச்சிருக்க மாட்டாங்க. இப்படி பண்ணாதீங்கன்னுதான் 2012ல சான் ஃபிரான்சிஸ்கோவுல டோராங்கற அறிக்கையே வந்தது, உங்க நிறுவனம் அதுல கையெழுத்து போட்டிருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க, போட்டிருந்தா இன்டர்வியூல சிரிச்ச முகமா கேக்கலாம். போடலைன்னா கவரிங் லெட்டர்ல மூணு பேப்பரை மட்டும் எடுத்து ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி: என்ன கண்டுபுடிச்சேன், அதை யார் எடுத்து பயன்படுத்தினாங்க, எத்தனை சைட்டேஷன் அந்த பேப்பருக்கே வந்தது. ஒரு பக்கத்துக்கு மேல போகாதீங்க, கமிட்டியில ஒரு நாளைக்கு நாப்பது லெட்டர் படிப்பாங்க.